நான் தேர்ந்தெடுத்த சின்ன எஞ்சின்

போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஞ்சின் எண்களைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்துவிட்டது.

என்னிடம் இரண்டு கதவுள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. அதன் எஞ்சின் இறுகி ஓடாமல் போனதும் மாற்று எஞ்சின் தேடி மூலக்குளத்து மெக்கானிக் செல்வத்திடம் போனேன். அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்று, எந்தக் காகிதமும் இல்லாத, பாய்ந்தோடும் டர்போ எஞ்சின். மற்றது, முறையான ரசீதோடு இருந்த, ஒரு குடும்பக் காரின் சின்ன எஞ்சின்.

“டர்போவையே ஏத்திக்கலாம் சார். பழைய எஞ்சின் நம்பரை அதும்மேல தட்டிட்டா எவனுக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமேப்பா,” என்றேன்.

“அப்ப சின்னதா? இன்னா சார், புலித் தோலுக்குள்ள பூனையா!”

என் மனைவியும் அவன் கட்சிதான். “ஊரே சிரிக்கப் போவுது,” என்றாள்.

போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி வாங்கி, சின்ன எஞ்சினைப் பொருத்தி, மனைவியோடு அங்கே ஆய்வுக்கு ஓட்டிப் போனேன். ஆய்வாளர் ஒருகாலத்தில் என்னிடம் வேலை பழகியவர். “உங்க வண்டியைப் போய் நான் பாக்கணுமா சார்?” என்று பேனாவைத் திறந்தார்.

அந்தக் கணத்தை மறக்கவே முடியாது. டர்போவை ஏற்றியிருந்தாலும் இதே கையெழுத்து கிடைத்திருக்கும்! எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. பானெட்டைத் தூக்கி நிறுத்தி, “குனிஞ்சு பாருங்க,” என்றேன். அவர் குனிந்து, எண்ணைப் படித்த பிறகே கையெழுத்திட விட்டேன்.

திரும்பும் வழியில், வில்லியனூர் சாலையில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்தியது.

“இன்னா பெரியவரே, தள்ளி வுடட்டுமா?” என்று கத்தினான் டிராக்டர்காரன்.

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கையசைத்து வழிவிட்டேன். வேகத்தில் என்னை யார் வேண்டுமானாலும் முந்தட்டும். என் பானெட்டை யார் கேட்டாலும் திறப்பேன், கேட்காவிட்டாலும் திறப்பேன்.