இன்னொரு தடவை கேளுங்க அக்கா

ஞானபாய் அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நாளை மூன்று மணிக்கு அடக்கம்.

நான் குவைத்தில் இருக்கிறேன். எந்த ஃப்ளைட்டைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது... தெரிந்தும் காலையிலிருந்து டிக்கெட் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

நாகர்கோவிலில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அக்கா ஃபிசிக்ஸ் லேப் அசிஸ்டன்ட். நான் ஆபீஸ் கிளார்க்.

வடசேரியில் அவர் வீட்டு மாடியில் ஒரு வால்வு டிரான்ஸ்மிட்டர் இருந்தது. அவரே வயரிங் செய்தது. ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தார். எங்கெங்கோ இருக்கிறவர்களோடு வீட்டில் இருந்தபடியே பேசுவார்.

கண்ணாடி வால்வுகளை செல்லப்பிள்ளை மாதிரி துடைத்து வைப்பதை ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வோம். நானும்தான்.

பிறகு அந்தப் புயல்.

அப்பாவும் தம்பி ஆன்டோவும் ஒரே போட்டில் கடலில் இருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். மூன்றாம் நாளும் கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஒரு தகவலும் இல்லை. ஊரில் உட்கார முடியாமல், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஸ்கூட்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் செட் ஓடிக்கொண்டிருந்தது. லட்சத்தீவிலிருந்து ஒருவர், கரை ஒதுங்கிய போட்டுகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மலையாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆரோக்கிய மாதா" என்று காதில் விழுந்தது. எங்கள் போட். அதற்கு மேல் ஒரே இரைச்சல்.

திருப்பிக் கேட்க அக்கா மைக்கை எடுத்தார். டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடந்தது. பெரிய வால்வுக்குள் பளபளவென்றிருக்கும் வெள்ளிப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே காற்று புகுந்துவிட்டால் அப்படி ஆகுமாம். ஸ்பேர் இல்லை.

லட்சத்தீவுக்காரர் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவருக்குப் போகாது. அந்த அறையில் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒங்க கோவில்ல பழைய ஆம்ப்ளிஃபையர் ஏதாவது கெடக்கா பிள்ளே? வால்வு போட்டது?" என்று கேட்டார் அக்கா.

கிடந்தது. சர்ச் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டின காலத்துப் பெட்டி. இரண்டு பேரும் ஸ்கூட்டியில் பறந்தோம்.

கோவில் முற்றம் முழுக்கப் பெண்கள். நடுவில் அம்மா. என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே ஓடினேன்.

"ஃபாதர் இல்லாம நான் எப்பிடித் தருவேன்?" என்றார் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார். அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் பெட்டியின் மூடியைத் திறந்து கொடுத்தார். "எனக்க மருமவன் பேரு ஜெரால்டு. வேற போட்டுல போனவன். அவனையும் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியில் இருந்த இரண்டு வால்வையும் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அக்கா பிரேக் பிடித்து, இறங்கி, வண்டியைத் தள்ளினார்.

முதல் வால்வு எரியவில்லை. இரண்டாவது எரிந்தது. "சூடாவட்டும்... சூடாவட்டும்" என்று அக்கா எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

கேட்டார். பதில் வந்தது.

"ஆரோக்கிய மாதா. ஒராள் மாத்ரம். பேரு சூசை."

சூசை என் அப்பா.

அப்பா உயிரோடு இருக்கிறார். அதைக் கேட்ட மகள் என்ன செய்திருக்க வேண்டும்? நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நீங்க சரியா கேக்கல்ல. தம்பி இருப்பான். ஆன்டோன்னு கேளுங்க."

"இருக்கலாம் மக்கா. இன்னொரு தடவ கேக்கேன்."

கேட்டார். ஒராள் மாத்ரம்.

"இன்னொரு தடவை கேளுங்க அக்கா."

கேட்டார். எத்தனை தடவை என்று தெரியாது. 'போதும்' என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருந்தவரும் கோபப்படவில்லை. குரல் மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர், "சகோதரி, ஞான் எந்து செய்யும்?" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே அக்கா ஜெரால்டு என்ற பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெரால்டு இருந்தான்.

அப்பா ஒன்பது நாள் கழித்து வந்தார். ஆன்டோ வரவில்லை. உடலும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அக்காவோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் எதிரே வந்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவேன். 'ஒராள் மாத்ரம்' என்ற அந்த வார்த்தை அவர் அறையில்தான் என் காதில் விழுந்தது... வேறு எந்தக் காரணமும் இல்லை. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் குவைத்துக்கு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மெசேஜ் போடுவார். பார்ப்பேன், மூடிவிடுவேன். போன டிசம்பரில் வந்தது: "சொகமா மக்கா? பதில் போடண்டாம். நல்லா இரு."

இப்போது ஒரு மணி நேரமாக அதற்குக் கீழே டைப் செய்து டைப் செய்து அழிக்கிறேன். யாருக்கு அனுப்புவது?

மத்தியானம் அப்பாவுக்கு ஃபோன் செய்து, அடக்கத்துக்கு எனக்குப் பதிலாகப் போகச் சொன்னேன்.

"ஆரு மக்கா அது?" என்றார்.

ரேடியோவில் தகவல் வந்தது என்று மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். அக்காவைப் பற்றி இத்தனை வருஷம் அவரிடமும் நான் சொல்லவில்லை. அப்பா பெயரைக் கேட்டும் நான் சந்தோஷப்படாததைச் சொல்ல வேண்டியிருக்குமே. இன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்டோவைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னதையும்.

 

"நானும் தண்ணிக்குள்ள அவனத்தான் மக்கா கூப்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். பிறகு, "வெள்ளச் சட்ட எடுத்து வைக்கச் சொல்லுகேன் ஒன் அம்மைட்ட. நாளைக்குக் காலம்பறயே போயிருவேன்."

அக்கா... அப்பா வருகிறார். என்னால் வர முடியவில்லை.

போய் வாருங்கள்.