ஊரறியச் சொன்ன மசக்கை

கல்யாணமான மறு வருஷமே எனக்குக் கைகால் மூட்டெல்லாம் வீங்கத் தொடங்கிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தண்ணீர்ச் செம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவேன். திருமழிசையில் அதற்கு வாதம் என்று ஒரே பேர். வாதத்தை இறக்க என் மாமியார் அமாவாசைக்கு அமாவாசை விளக்கெண்ணெயில் வேரை இழைத்துப் பேதி மருந்து கொடுப்பார். குடித்தால் அன்றைக்கு முழுக்கக் குடலைப் பிடுங்கும். அத்தை கெட்டவர் இல்லை. உட்கார்ந்து அந்த வேரை இழைக்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் வேண்டாமென்று சொல்ல வாய் வராது.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நாள் தள்ளிப்போனால் மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும். என் நோயுடம்பில் மாதக் கணக்கு எப்போதுமே தாறுமாறு என்பதால் அத்தைக்கும் சந்தேகம் வராது. இரண்டு முறை அப்படி வாயை மூடிக்கொண்டு மருந்தைக் குடித்தேன். இரண்டு முறையும் கரு தங்கவில்லை. மருந்தா, நோயா, எது காரணம் என்று யாருக்குத் தெரியும்? அழுது அழுது எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது.

ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓடத் தொடங்கிய வருஷம் மறுபடி நாள் தள்ளிப்போனது. அமாவாசை காலை அத்தை கிண்ணத்தோடு வந்தார். நான் விறுவிறுவென்று தெருக் கிணற்றுக்குப் போனேன். பாதித் தெரு அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு மசக்கை! இனிமே பேதி மருந்து குடிக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

பின்னாலேயே ஓடிவந்த அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடி இது! மூணு மாசங்கூட ஆவல, ஊருக்கே தமுக்கடிக்கிறே? கண்ணு பட்டுடும்டி!"

"பட்டா சுத்திப் போட்டுக்கலாம் அத்தை. மருந்து வயித்துக்குள்ள பூட்டா இன்னா பண்றது?"

பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேதி கொடுத்தவள் என்ற பேரை எந்த மாமியார் வாங்குவாள்? கிண்ணம் உள்ளே போய்விட்டது.

வாந்தியும் வலியும் சேர்ந்து என்னை வாட்டின. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலையை ஓட்டுவேன். அப்புறம் ஒருநாள் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பாதியில்தான் உறைத்தது, விரல் மடங்குகிறது! உடம்பு தன்னையே பகைத்துக்கொள்ளும் நோய் இது, பிள்ளை உண்டானால் சிலருக்கு அடங்கும் என்று வெகு காலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்குக் காரணமெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து வரும் வளையல்கார பாய் வீங்கின என் விரல் முட்டியைப் பார்த்தாலே, "வோணாம்மா, நோவும்" என்று பெட்டியை மூடிவிடுவார். அந்த முறை நானே கையை நீட்டினேன். கண்ணாடி வளையல் வழுக்கிக்கொண்டு ஏறியது. நான் சிரித்த சிரிப்பில் மனிதர் பயந்தே போனார்.

மகள் பிறந்தாள், கொழுகொழுவென்று. கொஞ்ச நாளில் வலியும் திரும்பி வந்தது. வரட்டுமே, பிள்ளை மடியில் இருந்தாளே!

ஒரு மாலை தொட்டிலில் பிள்ளையைக் காணோம். வாசலுக்கு ஓடினேன். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு பட்டுடும் அத்தை!" என்று கூப்பிட்டேன்.

"பட்டா சுத்திப் போட்டுக்கலாம், நீ உள்ள போ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் படியேறினார்.