நாள் சொல்லாத பயணம்

மலேசியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் பங்காளி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

"ஏலே, திருச்சுழி ஆபீசுக்குப் போயிட்டு வந்தாலே மறுநாளு அலுத்துப் படுத்துக்கிருவ. நீ ஊரு சுத்திப் பாக்க மலேசியா போறியாக்கும்?"

"பத்துமலை முருகனைப் பாக்கணும்னு ஆசை. மகளையும் பாத்த மாதிரி ஆச்சு. மிளகா எடுத்தாச்சு, காடு சும்மாதான கெடக்கு" என்றேன்.

முருகன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதை அவரே மன்னிக்கட்டும். நான் போனது மகளின் பிரசவத்துக்கு.

அது அவளுக்கு இரண்டாவது பிரசவம். முதலாவதுக்கு முறைப்படி ஊருக்கு வந்திருந்தாள். வளைகாப்புக்கு வந்த கூட்டம் பூராவுக்கும் டாக்டர் சொன்ன தேதி தெரியும். தேதி நெருங்க நெருங்க, வாசலில் வந்து நின்று "இன்னும் வலி வரலையா?" என்று கேட்காத ஆளில்லை. பிள்ளை உயிரோடு வரவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள் பெண்கள். நான் கண்ணேறு நம்புகிறவன் இல்லை. டாக்டர் சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். நான் புரிந்துகொண்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

இந்தத் தடவை போனில் அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா, டாக்டர் சொன்ன நாளை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. நம்ம ஊரு ஆளுக காதுல விழவே கூடாது." சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவள் அம்மா இல்லை. மகள் பள்ளிக்கூடம் போகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகனுக்கு ஃபேக்டரியில் ராத்திரி வேலை. டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னபிறகு, அந்தப் பிள்ளையைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. ஆம்பளை போய் என்ன பிரசவம் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால் ஆகாது. பூண்டுக்குழம்பும் பத்தியக் கருவாடும் வைக்கத் தெரியும், போதும். வறுத்து அரைத்த பொடிகள், நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். இப்போது நம் ஆட்களுக்கு அங்கே விசா வேண்டியதில்லை. முப்பது நாள் தாராளமாக இருக்கலாம். எதற்கு வந்தீர்கள் என்று இறங்கிய இடத்தில் கேட்டதற்கும், ஊர் சுற்றிப் பார்க்க என்றே சொன்னேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அந்த முப்பது நாள் முடிந்துவிடும். அங்கே போனால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். போனபிறகுதான் அது அப்படிப் பார்த்துக்கொள்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது. மருமகனின் சிநேகிதர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பி வந்தால் புதிதாக முத்திரை விழும், நிறையப் பேர் செய்கிறார்கள் என்றார்கள்.

"திரும்பி உள்ள விடலைன்னா?" என்று கேட்டேன். அப்படியும் சிலருக்கு நடந்திருக்கிறது என்றார்கள்.

"நான் எல்லையில நிக்கிற நேரம் இவளுக்கு வலி வந்துட்டா? அதெல்லாம் வேணாம் மாப்ளை. ஆபீசு எங்க இருக்குன்னு காட்டுங்க. நானே போயிக் கேக்குறேன்."

இமிகிரேஷன் ஆபீசைக் குடிநுழைவு அலுவலகம் என்று அங்கே சொல்கிறார்கள். மருமகன் காலையில் என்னை வாசலில் இறக்கிவிட்டு, மகளிடம் ஆள் வேண்டுமே என்று உடனே திரும்பிவிட்டார். பாஸ்போர்ட், தள்ளிப்போட்ட டிக்கெட், மருமகனின் கடிதம் எல்லாம் துணிப்பையில் இருந்தன. டாக்டர் கொடுத்த கடிதத்தை மட்டும் அவற்றோடு வைக்கவில்லை. அதில் தேதி இருந்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். அதைக் காட்டாமலே காரியம் முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் என் துணிப்பையைப் பார்த்துவிட்டார். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைப் பை அது.

"அண்ணே, நமக்கு அருப்புக்கோட்டையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் தாண்டி வந்தும் ஊர் விடவில்லை. அவர் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய். எங்கள் ஊர்ப் பெண்கள் திருவிழாவுக்குத் துணி எடுப்பதே அவர் கடையில்தான். இங்கே அவருடைய அண்ணனுக்கு ஆபரேஷன், கூட இருக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று அவரும் கேட்க வந்திருந்தார். இளவயதில் அங்கே வேலை பார்த்தவர், மலாய் நன்றாகப் பேசினார்.

"நீங்க எதுக்குண்ணே வந்தீக?"

"சும்மா, ஊரு சுத்திப் பாக்க."

கண்ணாடிக்குப் பின்னால் தலையில் முக்காடு போட்ட அதிகாரி அம்மா. நான் தடுமாறுவதைப் பார்த்து, பாய் பின்னாலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"எதுக்கு இன்னும் நாளு வேணும்னு கேக்குறாக."

"இன்னும் பாக்க வேண்டியது இருக்குன்னு சொல்லுங்க பாய்."

"இதுவரைக்கும் என்ன பாத்தீகன்னு கேக்குறாக."

"பத்துமலை."

"வேற?"

யோசித்துப் பார்த்தேன். நான் பார்த்தது மகள் வீட்டு அடுப்படி, ஆஸ்பத்திரி, மீன் மார்க்கெட் மூன்றுதான். பத்துமலையே பொய். "மீன் மார்க்கெட்டு" என்றேன். பாய் சிரிக்காமல் அதையும் மலாயில் சொன்னார். அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கெல்லாம் நீட்டித்துத் தர முடியாது, தேதி முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள் என்று பாஸ்போர்ட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார்.

என் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தை எடுத்தால் பாய்க்குத் தெரியும். பாய்க்குத் தெரிந்தால் பஜாருக்குத் தெரியும், நான் ஊர் போவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தெரியும். எடுக்காவிட்டால், மகள் மறுபடி தனியாகப் படுத்துக்கிடப்பாள். உண்மையாகவே பயந்துபோனேன். கண்ணேறு நம்பாதவனுக்கு வியர்த்து ஊற்றியது. ஆனால் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையை விட்டுவிட்டு வரவா இவ்வளவு தூரம் வந்தேன்? நகர மாட்டேன் என்று முடிவு செய்தேன். கடிதத்தை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமல் கண்ணாடி முன்னால் வைத்தேன்.

"பாய், இந்தம்மாகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லுங்க. எம் மகளுக்குப் பிரசவம். நாளு இதுல இருக்கு. ஒருதடவை பிள்ளை தங்கலை. இந்தத் தடவை ஊருல ஒருத்தருக்கும் தெரியாது."

பாய் கடிதத்தைத் தொடாமல் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் நாளு சொல்ல மாட்டாகண்ணே. நீங்களே பிரிச்சுக் குடுங்க. நான் பாக்கலை."

கண்ணாடியருகே குனிந்து, ரகசியம் போல மலாயில் சொன்னார். அந்த அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து ஏதோ கேட்டார்.

"மகளோட அம்மா எங்கன்னு கேக்குறாக."

"இல்லை."

"அப்ப யாரு சமைக்கிறதாம்?"

"நாந்தான்."

அந்த அம்மா என் கைகளைப் பார்த்தார். காட்டு வேலை செய்து காய்த்த கை. முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். கடிதத்தைத் தானே மடித்து மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தார். உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். மதியத்துக்குள் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதத்துக்கு முத்திரை விழுந்தது. கதவருகே பாய், "வாரேண்ணே" என்று மட்டும் சொன்னார். தேதி என்ன என்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். முதலில் முத்திரையைக் காட்டினேன், பிறகு பாயைச் சொன்னேன்.

"அருப்புக்கோட்டை ஆளாப்பா? அப்ப ஊருக்கே தெரிஞ்சிருக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் முகம் வெளிறும். ஊரிலிருந்து பங்காளிதான் கூப்பிடுவான். "என்னலே, முருகன் இன்னும் விட மாட்டேங்கிறாரா?" என்பான். பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பாய் ஊர் திரும்பியிருக்க வேண்டிய நாளுக்குப் பிறகும் அந்தப் பேச்சு வரவில்லை.

டாக்டர் சொன்ன தேதியும் கடந்துதான் வலி வந்தது. பெண் குழந்தை. அறைக்கு வெளியே நின்ற எனக்கு முதலில் கேட்டது அதன் அழுகை. நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். தீட்டுக் கழிகிறவரை பத்தியம் பார்த்தேன். ஊருக்கு நான் போய்ச் சொன்னால் போதும் என்றாள் மகள்.

அருப்புக்கோட்டையில் இறங்கியதும் திருச்சுழி பஸ் தயாராக நின்றது. நான் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு நடந்தேன்.

கடையில் நல்ல கூட்டம். எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பது போல, "வாங்கண்ணே, என்ன பாக்கணும்?" என்றார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சத்தமாகவே சொன்னேன்.

"பச்சப் புள்ளைக்குச் சட்டை எடுங்க பாய். எம் பேத்திக்கு."

சேலை பார்த்தவர்கள் திரும்பினார்கள். பாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பாக, "எத்தனை நாளு ஆச்சு?" என்று கேட்டார்.

பிறந்த நாளைச் சொன்னேன், கடை முழுக்கக் கேட்கும்படி.