குளிரறைக்குள் சாக்கே

இரண்டாயிரங்களின் தொடக்க ஆண்டுகளில் மொன்றியலில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தேன். அங்கே கோப்பை கழுவியவர் மட்டக்களப்புக்காரர். மூத்தவர் என்பதால் அண்ணை என்பேன்.

கடை பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை ஜப்பானிலிருந்து சாக்கே என்ற அரிசி மது பெட்டி பெட்டியாக வந்தது. அதைக் குளிரறையில் அடுக்க எங்களை வரச்சொன்ன முதலாளி, மீன் வாங்கக் காரில் போய்விட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

கடைசிப் பெட்டியை வைத்தபோது குளிரறையின் கதவு சாத்திக்கொண்டது. உட்பக்கக் கைப்பிடியைத் திருகினேன். அது கழன்று கையோடு வந்தது.

"வெளிய ஆரும் இருக்காங்களா?" என்று அண்ணை கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

தட்டினோம், கத்தினோம். தொலைபேசி வெளியே ஜக்கெற்றுக்குள் கிடந்தது. விரல்கள் மரத்தன. முதலாளியின் கார் சறுக்கியிருந்தால்? நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோ வீட்டில் மனைவி, நான் பின்னேரம்தான் வருவேன் என்று இருப்பாள். 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினேன். சின்ன வயதிலிருந்து சொன்ன செபம், பாதியில் மறந்துபோனது.

அண்ணை ஒரு போத்தலை எடுத்தார். "குடிச்சா சூடேறும், தம்பி."

"வேண்டாம் அண்ணை. சூடு மாதிரித்தான் இருக்கும், உடம்பு இன்னும் குளிரும்."

நான் பிடித்து இழுக்க, அது விழுந்து உடைந்தது. பழுத்த பேரிக்காயும் வாழைப்பழமும் சேர்ந்தது போன்ற வாசனை எழுந்தது. அரிசியைப் பாதிக்குமேல் தீட்டி, மணியின் நடுவை மட்டும் எடுத்து, மாரிக் குளிரில் மெதுவாகப் புளிக்கவைத்தால்தான் இந்த வாசனை வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த 'மெதுவாக' அப்போது என்னைப் பயமுறுத்தியது. அண்ணை பேசுவதை நிறுத்தியிருந்தார். உலுக்கி உலுக்கிக் கதைக்கவைத்தேன்.

கதவு திறந்தபோது முதலாளி மீன் பெட்டியோடு நின்றார். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு எங்களை அடுப்படிக்கு இழுத்துப்போனார். பனியில் தெரு அடைபட்டதாம். சூடான சூப் தந்தார். உடைந்த கண்ணாடியைத் தானே கூட்டினார். பிறகு எங்கள் முன் தலை குனிந்து, பிரெஞ்சில் "பார்டோன்" என்று மன்னிப்பு மட்டும் கேட்டார். நிமிர வெகுநேரம் எடுத்தது.

உடம்பு நன்றாகச் சூடான பிறகு அதே சாக்கேயைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார். முதலில் பழ இனிப்பு, பிறகு கஞ்சியின் மெல்லிய ருசி, முடிவில் தண்ணீர் போல ஒன்றுமில்லை. அண்ணை அழுதார்.

"செத்துப்போவன் எண்டு நினைச்சிட்டன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கிழமையே புதுக் கைப்பிடி பூட்டினார்கள். ஆனாலும் அண்ணை வேலைக்குத் திரும்பவில்லை. நான் தொடர்ந்து வேலைக்குப் போனேன். குளிரறைக்குள் நுழையும்போதெல்லாம் கதவுக்கு ஒரு அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நுழைவேன்.