அம்மா வரக்கூடாது என்று நான் எழுதிய மன்றாட்டு

மாதாவின் பிள்ளைகளே, நம் கோயில் இதழுக்கு இந்த நன்றியை எழுதி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது. வேலை கிடைத்தவர்கள் மறுவாரமே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு நன்றிக்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. அதை எழுதத்தான் கை வரவில்லை. என்னைப் பெற்றவருக்கு எதிராக நான் மாதாவிடம் மன்றாடினேன். அது கோயிலில், மைக்கில், அவர் காது கேட்க வாசிக்கப்பட்டது.

எங்கள் வீடு பெசன்ட் நகர் குப்பத்தில் இருக்கிறது. அப்பா காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்கிறார். கடலுக்குப் போனால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அம்மா அடையாறில் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்கிறார். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் உறவில் படித்த முதல் ஆள் நான். மயிலாப்பூரில் பி.காம். முடித்தேன். அந்தப் பெருமை எனக்குத் தேவைக்கு மேலேயே இருந்தது.

எட்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து எங்களை ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ராட்டினத்தின் அடியில் நீலச் சட்டை போட்ட ஓர் அக்கா நின்றிருந்தார். எங்கள் மடிமேல் கம்பியை இறக்கிப் பூட்டினார். இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார். அவர் விரலை உயர்த்திய பிறகுதான் அவ்வளவு பெரிய சக்கரம் சுற்றியது. அன்றையிலிருந்து எனக்கு வேறு எந்த வேலையும் பெரிதாகத் தெரியவில்லை. தோழிகள் வங்கித் தேர்வு எழுதினார்கள். நான் அந்தப் பார்க்கில் ஆள் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மே மாதம் எடுத்தார்கள். இண்டர்வியூவுக்குத் தயாராக தி. நகரில் ஒரு துணிக்கடையின் மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் எழுந்து நின்று என்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அம்மா மீன் விற்கிறார் என்றேன். பின்வரிசையில் ஒருவன், “அதான் மச்சி, ஏசி போட்டும் ஒரு மாதிரி வாசனை வந்துச்சு” என்றான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார்.

“மீன் விக்கிறாங்கன்னு ஏம்மா சொல்ற? சீஃபுட் பிசினஸ்னு சொல்லு. பொய் இல்லியே?” என்றார்.

பொய் இல்லைதான். ஆனால் விண்ணப்பத்தில் அப்படி எழுதியபோது என் காது சூடானது. எழுதிய பிறகு அது எனக்குப் பிடித்தும் போனது. அன்றிலிருந்து வகுப்புக்குப் போகும்போது அடையாறு நிறுத்தத்தில் பஸ் ஏற மாட்டேன். அங்கே நின்றால் அம்மா பலகையிலிருந்து, “ஜெனி, சாப்டியாடி?” என்று கத்துவார். ஒரு நிறுத்தம் நடந்துபோய் ஏறுவேன். ஆங்கிலம் காதில் விழட்டும் என்று ஞாயிறு பூசையைக்கூட ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டேன். பல வருடம் அம்மாவோடு போன புதன்கிழமை நவநாள் வழிபாட்டை விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு சுற்றிலும் தேறினேன். மூன்றாவது சுற்றுக்குக் கடிதம் வந்தது. பெண்களுக்கு விடுமுறை நாட்களிலும் மாலை நேரத்திலும் வேலை இருக்கும். அதனால் பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ சனிக்கிழமை கூடவே வந்து சம்மதம் தரவேண்டும். அப்பா கடலில் இருந்தார். வரக்கூடியவர் அம்மா மட்டும்தான்.

பயிற்சி வகுப்பு அலுவலகத்தில் இருந்த மேடம், “கவலைப்படாத, பெரியம்மான்னு நான் வரேன்” என்றார். ஆனால் அம்மாவிடம் என்ன சொல்லி நிறுத்துவது? கடிதத்தைப் பற்றிச் சொன்ன அன்றே அவர் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டார். பக்கத்துப் பலகைக்காரி தேசம்மா அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் இருவரும் வாடிக்கைக்காரர்களுக்காகத் தினமும் சண்டை போடுகிறவர்கள். அவரிடமே சொன்னார் என்றால் ஊருக்கே சொன்னார் என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை நவநாளுக்கு அம்மாவோடு போனேன். கிளம்பும் முன்பே அவருக்குத் தெரியாமல் ஒரு சீட்டில் எழுதி வைத்து, கோயிலில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். மாதாவிடம் மறைக்கக்கூடாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெயர் மட்டும் எழுதவில்லை. எங்கள் கோயிலில் பெயர் உள்ள மன்றாட்டுகளைத்தான் வாசிப்பார்கள், பெயர் இல்லாதவற்றைப் பீடத்தில் வைத்துவிடுவார்கள். ஆனால் நான் வராத இரண்டு மாதத்தில் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டார்கள். பெயரோடு வாசித்தால் தெருவில் பேச்சாகிறது என்று, பெயர் இல்லாதவற்றை மட்டுமே வாசித்தார்கள். தமிழ்ப் பூசையில் இதை அறிவித்தபோது நான் ஆங்கிலப் பூசையில் இருந்தேன்.

மூன்றாவதாக என் சீட்டு வந்தது.

“ஆரோக்கியத் தாயே, சனிக்கிழமை என் இண்டர்வியூவுக்கு அம்மா வராமல் இருக்கத் தயைகூர்ந்து ஒரு வழி செய்யும். அவர் மீன் விற்கிறவர். அவரை என் அம்மா என்று அங்கே காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

வாசித்தவர் பாதியிலேயே தடுமாறினார். ஆனாலும் முடித்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்மணி, “இன்னா பொண்ணுமா இது! பெத்தவ கேட்டா தாங்குவாளா?” என்று முணுமுணுத்தார். எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லவேண்டிய இடம் வந்தது. யாருக்கும் வாய் வரவில்லை. என் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் மட்டும் முதலில் எழுந்தது.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

அதன் பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரோ ஒரு பெண், எங்கேயோ ஒரு மீன்காரி என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “சனிக்கிழமை எனக்கு முடியாது போலக்கீதுடி. ரெண்டு நாளா முட்டி வலி. வேற யாரையாச்சும் கூட்டினு போ.”

அவருக்கு முட்டி வலி இல்லை. அன்று காலைதான் தலையில் கூடை வைத்து நடந்திருந்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளைகளே, அதைவிடக் கொடுமை வேறு இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அம்மா என்னிடம் எதையும் காட்டவில்லை. சோறு போட்டார். என் சுடிதாரைத் துவைத்து இஸ்திரிக்குக் கொடுத்தார். பட்டுப்புடவை பெட்டிக்குள் போய்விட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி மாலை கோயிலுக்குப் போனேன். முழங்கால் போட்டும் மாதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலையைக் கேட்க நாக்கு எழவில்லை. “நான் எழுதினதைத் திரும்ப எடுத்துக்கோ தாயே. எனக்கு எது போனாலும் பரவாயில்லை. அம்மாவைத் திருப்பிக் கொடு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெளியே வந்ததும் பயிற்சி வகுப்பு மேடத்துக்கு போன் செய்து வரவேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலை அம்மாவின் பலகைக்குப் போனேன். அவர் சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். தேசம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தனியாகச் சொல்ல நினைத்தேன். ஆனால் மறைத்து மறைத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்?

“அம்மா, அந்தச் சீட்டு நான் எழுதுனது.”

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. “தெரியும். எத்தினி வருசமா எனக்கு மன்றாட்டுச் சீட்டு எழுதிக் குடுக்கற? நடுவுல ‘தயைகூர்ந்து’ன்னு போடறவ இந்தக் குப்பத்துலயே நீ ஒருத்திதான்.”

“என்கூட வாம்மா.”

“போடி, நேரமாவுது. அங்க எனக்கு இன்னா வேல?” அவர் குரல் அப்போதுதான் உடைந்தது. “என் கையப் பாரு. எத்தினி சோப்பு போட்டாலும் போவாது.”

எவ்வளவோ கெஞ்சினேன். வரவில்லை. தனியாகப் பஸ் ஏறினேன்.

பார்க்கில் எல்லாப் பெண்களும் அம்மாவோடோ அப்பாவோடோ உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தபோது அங்கிருந்த மேனேஜர் மேடம் விண்ணப்பத்தைப் பார்த்து, அம்மா பிசினஸில் பிசியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பயிற்சியில் படித்த ஆங்கிலம் ஒன்றுகூட வரவில்லை. தமிழில் சொன்னேன்.

“பிசினஸ் இல்லை மேடம். அடையாறு ரோட்டுல மீன் விக்கிறாங்க. அதைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்தி எழுதிட்டேன். அவங்க வரக்கூடாதுன்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். இப்போ கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க.”

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பேனாவை நீட்டி, “முதல்ல அதை அடிச்சுட்டுச் சரியா எழுதுங்க” என்றார். எழுதினேன். “சம்மதம் இல்லாம எடுக்க முடியாது. மூணு மணி வரைக்கும் இருப்பேன். கூட்டிட்டு வாங்க.”

வெளியே வந்து அம்மாவுக்கு போன் செய்தேன். தேசம்மா அக்கா எடுத்தார்.

“உங்கம்மா இங்க இல்லடி. பஸ் ஏத்தி அனுப்பிச்சுட்டேன். கண்டக்டர்கிட்ட சொல்லிக்கீறேன், எறக்கி வுடுவாரு. போன இங்கியே மறந்துட்டு போய்ட்டா.”

“எப்படிக்கா வந்தாங்க? நான் அவ்வளவு கேட்டும் வரலியே!”

“நாலு வார்த்த கேட்டேன். பொண்ணு தப்பு பண்ணிட்டு நடுரோட்டுல வந்து நின்னுது, நீ இன்னா பெரிய மகாராணியான்னு. இப்ப அவ வஞ்சிரத்தையும் நான்தான் வித்துக்கினு கீறேன். என் மீன எவ வாங்கறா? போன வை.”

தேசம்மா அக்கா மாதா கோயிலுக்கு வருகிறவர்கூட இல்லை. அவர் சாமி வேறு. மாதா எனக்காக அனுப்பியது அவரைத்தான். பார்க் சுவரோரம் நின்று அழுதேன்.

இரண்டரை மணிக்கு அம்மா வந்தார். பட்டுப்புடவை இல்லை. வேலைக்குக் கட்டிய புடவைதான். தலை மட்டும் வாரியிருந்தார். உள்ளே போனதும் மேனேஜர் மேடம் எழுந்து நாற்காலி போட்டார். வேலை நேரத்தைப் பற்றிச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். அம்மா உடனே தலையாட்டவில்லை.

“ராத்திரி வண்டி வுடுவீங்களா?”

“வீட்டு வாசல் வரைக்கும் விடுவோம்மா.”

“அந்தச் சக்கரம் மேல போய் நின்னுக்கிச்சுனா, இவ இன்னா பண்ணணும்?”

மேடம் சிரிக்கவில்லை. கையால் சுற்றி இறக்கும் வழி உண்டு, முதலில் இரண்டு வாரம் அதைத்தான் கற்றுக்கொடுப்போம் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா முழுவதும் கேட்டார். “சரி, இருக்கட்டும்” என்றார்.

பிறகு கையெழுத்து. அம்மா கட்டைவிரலை நீட்டினார். அந்த அலுவலகத்தில் மைப்பெட்டி இல்லை. ஒருவர் பக்கத்து அறைக்கு ஓடினார். இன்னொருவர் கணக்குப் பிரிவுக்குப் போனார். மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சில நிமிடமும் எனக்கு மறுபடி வெட்கமாக இருந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். அவ்வளவு அழுத பிறகும் அது என்னுள் இருந்தது. ஆனால் இந்தமுறை நான் அம்மாவின் பக்கத்திலிருந்து நகரவில்லை. மை வந்ததும் அவர் கையைப் பிடித்து, வைக்கவேண்டிய இடத்தில் வைத்தேன்.

இரண்டு வாரத்தில் வேலைக் கடிதம் வந்தது. இப்போது ராட்டினத்தில்தான் இருக்கிறேன். கம்பியைப் பூட்டி, ஆட்டிப் பார்த்து, விரலை உயர்த்துகிறேன். வாரவிடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நவநாளில் அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள், உன் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தயங்குகிறேன். அந்த ஒரு நொடிக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

என்னைப் போல ஏதாவது கேட்டுவிட்டு, கேட்டதை நினைத்துத் தலைகுனிந்து நிற்கிறவர்கள் உங்களில் இருக்கலாம். கோயில் பக்கம் போகாமல் இருந்துவிடாதீர்கள். போய் நில்லுங்கள். தவறாகக் கேட்டேன், திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்வதும் ஜெபம்தான். நம்பிச் சொல்லுங்கள். என் தாய் என்னைத் தள்ளவில்லை, உங்களையும் தள்ளமாட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. என்னை மன்னித்துவிட்டாயா என்று இதுவரை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. ஒரே பாயில் படுக்கிறோம், ஒரே தட்டில்கூடச் சாப்பிடுகிறோம். கேட்க வாய் திறந்தால், “தூங்குடி, காலையில ஷிப்ட் இருக்கில்ல” என்கிறார். இதை வாசிக்கிற நீங்கள், நான் அதைக் கேட்டுவிடவேண்டும் என்று எனக்காக ஒருமுறை ஜெபியுங்கள்.