யாரும் நிமிர்ந்து பார்க்காத வகுப்பு

அந்த ஆண்கள் நடுநிலைப் பள்ளியில் இரண்டு பாடவேளைகளை எடுக்க ஆளில்லை. ஒன்று வாழ்க்கைத் திறன், மற்றது வாசிப்பு. இரண்டிலும் தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கால அட்டவணை போடும்போது ஆளாளுக்குக் கழற்றிவிட, இரண்டும் மொழிப்பாட ஆசிரியர் தலையில் விழுந்தன. அவர் முணுமுணுக்கவில்லை. இரண்டையும் ஒரே வகுப்பாக்கிவிட்டார்.

மாடிப்படிக்கு அடியில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையைக் கேட்டு வாங்கினார். பையன்கள் மறந்துவிட்டுப் போய், யாரும் தேடி வராத சட்டைகள் பள்ளி அலுவலகத்தில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. அதையும் தூக்கிவந்தார். பையன்கள் வட்டமாக உட்கார்ந்து பட்டன் தைப்பார்கள், கிழிந்த ஓரத்தை மடித்து அடிப்பார்கள். மூலையில் ஒருவன் இஸ்திரி போடுவான். ஒருவன் மட்டும் கதைப் புத்தகம் வாசிப்பான். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகம் அடுத்தவன் கைக்குப் போகும்.

விதி ஒன்றே ஒன்று. வாசிப்பவனை யாரும் பார்க்கக் கூடாது. அவன் தடுமாறினால் திருத்தக் கூடாது. நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டும், கண் தையலில் இருக்க வேண்டும். ஆசிரியருக்கும் அதே விதிதான்.

இந்த யோசனை பயிற்சி வகுப்பில் கிடைத்ததல்ல. சிறுவயதில் அவருக்கே வாசிப்பு வராது. அவருடைய அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டியவர். ஊசியிலிருந்து கண்ணை எடுக்க முடியாததால், செய்தித்தாளை மகனை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பள்ளியில் வாயே திறக்காத பையன் அம்மாவுக்கு மட்டும் முழுப் பக்கமும் வாசித்தான். அது ஏன் என்று புரிந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது, அம்மாவும் இல்லை.

பையன்கள் அவருக்கு ‘பட்டன் சார்’ என்று பெயர் வைத்தார்கள்.

“சார், இவன் சட்டையோட சேத்து மேசை விரிப்பையும் தைச்சுட்டான்!”

“அப்படியே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும். நீ உன் வேலையப் பாரு.”

அந்த வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ‘மைக்செட்’ என்பார்கள். மைதானத்தில் அவன் கத்தினால் சாலையில் போகிறவர்கள் திரும்புவார்கள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். மற்ற வகுப்புகளில் அவன் எழுந்து நிற்கும்போதே பையன்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். படிக்கட்டு அறையில் அவன் முதலில் ஒரு வரி வாசித்தான். கொஞ்ச நாளில் பத்தி. அரையாண்டு முடிவதற்குள் முழுப் பக்கம். வழியில் எத்தனையோ முறை நின்றான். அப்போதெல்லாம் நூல் இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு குரல் வரும்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியை பட்டன் சாரைக் கூப்பிட்டார்.

“அந்த நேரத்தக் கணக்குக்குக் குடுக்கச் சொல்லிப் பெத்தவங்க கேக்குறாங்க, சார். பட்டன் தைக்க வீட்ல அம்மா இருக்காங்களேன்னு சொல்றாங்க.”

“அம்மாவுக்கும் கை வலிக்கும், மேடம்.”

“எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியணுமே? பெற்றோர் கூட்டத்துல மேடையேத்திக் காட்டுங்க. கண்ணால பாத்தா வாயடைச்சுப் போயிடுவாங்க.”

அவர் ஒப்புக்கொண்டார். வாசிக்க மைக்செட்டைத் தேர்ந்தெடுத்தார். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான் என்று காட்ட அவனைவிட வேறு ஆள் இல்லை. “முடியுமாடா?” என்று கேட்டார். “நம்ம ரூம்ல மாதிரியேதான, சார்?” என்றான். “மாதிரியேதான்” என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பையன்களும் பட்டன் சாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள், தைத்தார்கள். மைக்செட் வாசித்தான். முதல் பத்தி நன்றாகவே போனது. இரண்டாவதில் நின்றான். வழக்கமாக நிற்பதுதான். கீழே யாரோ செருமினார்கள். பின்வரிசையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. பட்டன் சார் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அந்த நேரம் கணக்குப் பாடத்துக்குப் போயிற்று. மைக்செட் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். வாரம் முடிந்தும் வராததால் பட்டன் சார் அவன் வீட்டைத் தேடிப் போனார். ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறை. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் அவன் அம்மா அப்போதுதான் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. இவன் வாயத் தொறந்தா கீழ கடைக்காரர் சண்டைக்கு வருவாரு. இப்போ அவரே வந்து கேக்குறாரு, பையன் ஊர்ல இல்லையான்னு. எங்கூட வேலைக்கு வரேங்குறான், சார். நீங்களே கேளுங்க.”

பையன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“சிரிச்சவங்களுக்காகப் படிப்ப விடுவியா?” என்றார் பட்டன் சார்.

“அவங்க சிரிக்கட்டும் சார். அவங்க எப்பவும் சிரிக்கிறவங்கதான்.” குரல் எழும்பவே இல்லை. “நீங்க பாத்தீங்க.”

பட்டன் சார் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பயந்துட்டேன்டா. நீ நின்னதும், வகுப்பு கைய விட்டுப் போயிடுமோன்னு.”

“அப்போ எனக்காகப் பாக்கல.”

“டேய், சார்கிட்ட என்ன பேச்சு இது?” என்று அம்மா அதட்டினார்.

“விடுங்கம்மா, அவன் சொல்றது சரிதான்” என்றார் பட்டன் சார். “தப்பு என்னோடது. உன்ன மேடையேத்தினதும் தப்பு, பாத்ததும் தப்பு. இனிமே மதிய இடைவேளையில அதே ரூம்ல உக்காரப் போறோம். வர்றவன் வரலாம். வாசின்னு உன்கிட்ட நான் கேக்கவே மாட்டேன்.”

வேலைக்குப் போகிற பேச்சை அம்மா அன்றைக்கே வெட்டிவிட்டார். திங்கட்கிழமை பையன் பள்ளிக்கு வந்தான். இடைவேளையில் படிக்கட்டு அறைக்கும் வந்தான். பாதிப் பேர் விளையாடப் போய்விட்டதால் வட்டம் சின்னதாகியிருந்தது. புத்தகம் தன்னிடம் வந்ததும் திறக்காமல் அடுத்தவனிடம் கொடுத்தான். மறுநாளும் அப்படித்தான். வாரக் கணக்கில் அப்படியே நடந்தது. சட்டைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் கையில் சரியாயின. அவன் தைத்த பட்டனைப் பல்லால் இழுத்தாலும் வராது.

ஆண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு நாள், புத்தகம் அவனிடம் போய் நின்றது. பக்கத்திலிருந்தவன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். புத்தகம் வரவில்லை. பட்டன் சார் தலையைக் குனிந்தபடியே இருந்தார். காலர் பட்டன் ஒன்று பாதித் தையலில் இருந்தது. ஊசி விரலில் ஏறியது. அப்போதும் அவர் நிமிரவில்லை.

கம்மிய குரலில் ஒரு வரி வந்தது. மைதானத்தையே அதிரவைத்த குரல் வட்டத்தின் மறுபக்கத்தை எட்டவில்லை.

“கேக்கலடா” என்றான் எதிரே இருந்தவன், கண்ணைத் தையலிலிருந்து எடுக்காமல்.

மைக்செட் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தான். பிறகு அந்த வரியை முதலிலிருந்து தொடங்கினான்.