ஆடு தின்ற நோட்டு

எங்கள் வீட்டில் பிறந்த தேதி சரியாகத் தெரிந்தவை ஆடுகள் மட்டும்தான். என் தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் என் உயரத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. நான் பிறந்த அன்று நல்ல மழை என்பதற்கு மேல் அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. ஆனால் எங்கள் பட்டியில் எந்த ஆட்டைக் காட்டிக் கேட்டாலும் அது பிறந்தது என்றைக்கு, தாய் எது, தகப்பன் எது, பிறந்தபோது என்ன எடை என்று, ஊரே நைனா என்று கூப்பிடும் என் அப்பா சொல்லிவிடுவார். அவர் மறந்தாலும் நோட்டில் இருக்கும்.

ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளின் புகைக்கூண்டுகள். இரண்டுக்கும் நடுவில் கிடந்த வெற்று நிலத்தில் எங்கள் ஆடுகள் மேய்ந்தன. பதினான்கு பெட்டைகள், ஒரு கெடா, சில குட்டிகள். செம்மண் நிறத்தில், கம்பளி இல்லாமல் மழமழவென்று இருக்கும் எங்கள் பக்கத்துச் செம்மறிகள். அவற்றுக்கு ‘மெட்ராஸ் ரெட்’ என்று ஒரு பெயர் இருப்பதே, கால்நடை டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்ல ஜாதி ஆடுகளைப் பதிவு செய்து பெருக்கும் திட்டம் ஒன்று வந்திருப்பதாகச் சொல்லி, ஒவ்வொன்றின் காதிலும் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையைக் குத்திவிட்டுப் போனார். நாங்கள் அதைக் கம்மல் என்போம். ஆட்டுக்கெல்லாம் கம்மல் போட்டாச்சு, எனக்கு எப்போது என்று அம்மா கேட்டாள். “உனுக்குத்தான் நம்பர் இல்லியே” என்றார் நைனா.

டாக்டர் ஒரு நீள நோட்டும் ஒரு கொக்கித் தராசும் கொடுத்திருந்தார். குட்டி போட்டதும் அதைச் சாக்குப் பையில் வைத்துப் பூவரச மரத்தில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். நைனா மூன்றாவதோடு நின்றவர். எண்கள் எழுதுவார், எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் படிப்பார். அதனால் நோட்டு எழுதும் வேலை, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பள்ளிக்கூட நோட்டுக்குக்கூட நான் அவ்வளவு அழகாகக் கட்டம் போட்டதில்லை.

குட்டியின் தகப்பன் யாரென்பதில் துளி சந்தேகமும் இருக்கக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். பெட்டைகளோடு சேர விடுகிற பொலிகெடா பட்டிக்கு ஒன்றுதான். வளர்ந்துவரும் மற்ற கெடாக்குட்டிகளுக்கு, விற்கிற வரைக்கும் வயிற்றடியில் சாக்குத் துணி கட்டிவிட வேண்டும். ஊரில் அதற்குப் பெயர் கோவணம். நைனா தினமும் காலையில் கெடாக்குட்டிகளுக்குக் கோவணம் கட்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. வேறு பட்டிக் கெடா எதுவும் எங்கள் பெட்டைகள் பக்கம் வந்தால் தடியோடு ஓடுவார். ஆட்டுக்குக் கற்பு பார்க்கிறவர் என்று டீக்கடையில் அவருக்குப் பட்டம் கட்டினார்கள். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, ஆந்திரா பக்கமிருந்து வந்த மந்தை ஒன்று எங்கள் ஆடுகளோடு கலந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்த மூன்று குட்டிகளுக்குத் தகப்பன் என்ற கட்டத்தில் எங்கள் கெடாவின் நம்பரை எழுதப் போனேன். நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தெரியாததுக்குக் கோடு போடு” என்றார்.

யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கோடு போட்டேன்.

அந்த ஐப்பசியில்தான் நோட்டுக்குக் கேடு வந்தது. எழுதிவிட்டுப் பட்டிப் படலின் மேல் வைத்தவள் மழை வந்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டேன். நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் ‘பொட்டு’ என்று நான் பெயர் வைத்த பதினேழாம் நம்பர் பெட்டை, தாய் செத்துப்போய் என் கையால் பால் குடித்து வளர்ந்தது, நோட்டை இழுத்துப் போட்டுத் தின்றிருந்தது. பாதிப் பக்கங்களுக்கு வலது ஓரம் இல்லை. மீதி நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. நைனா என்னையும் அடிக்கவில்லை, ஆட்டையும் அடிக்கவில்லை. புது நோட்டு வாங்கிவந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஈர நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கம் பக்கமாகப் பிரிக்க, ஆடு கடித்துப்போன இடங்களை நைனா நினைவிலிருந்து சொல்ல, ஒரே பேனாவால் எல்லாவற்றையும் எழுதி முடித்தேன். அடுத்த வாரம் விறகு ஈரமாக இருந்ததால் அம்மா பழைய நோட்டை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். அப்போது அதில் யாருக்கும் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து, மேய்ச்சல் நிலத்தில் சுவர் எழும்பத் தொடங்கியது. ஏதோ கம்பெனி வாங்கிவிட்டதாம். முதலில் ஆடுகள் சுவரை ஒட்டியே நடந்து, முடிகிற இடத்தில் திரும்பி உள்ளே போயின. பங்குனியில் சுவர் முடிகிற இடமே இல்லாமல் போனது. இந்தப் பக்கம் வயல்களிலும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நைனா கொஞ்ச நாள் ரயில் பாதை ஓரமாக ஓட்டிப் பார்த்தார், ஒரு குட்டி ரயிலில் அடிபட்டது. பிறகு இரும்புக் கம்பெனி ஒன்றில் சுமை ஏற்றும் வேலைக்குச் சொல்லிவைத்தார். ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள்.

ஆடுகளை விற்றாக வேண்டும் என்றபோது நான் அழுதேன். “கறிக்குக் குடுக்க மாட்டேன். மொத்தமா ஒரு பட்டிக்குத்தான் போவணும்” என்றார் நைனா. எனக்கு அதில் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. பொட்டு வேறொருவர் பட்டியில் இருப்பதும் இல்லாமலே போவதும் அன்று எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

பழவேற்காட்டில் பரம்பரையாக மீன் வியாபாரம் செய்துவந்த பாய் ஒருவர், ஆரணிப் பக்கம் நிலம் வாங்கிப் புதிதாக ஆட்டுப் பட்டி போடுவதாகக் கேள்விப்பட்டு நைனா ஆள் அனுப்பினார். பதிவு செய்த ஆடுகள்தான் வேண்டும் என்று அவரும் தேடிக்கொண்டிருந்தாராம். ஒரு காலை வேளையில் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, எனக்கென்று ஒரு பிஸ்கட் பாக்கெட். ஆடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. பிறகு தின்பண்டம் வாங்குகிற பிள்ளை மாதிரி ஆசையாகக் கையை நீட்டி நோட்டைக் கேட்டார்.

நாலு பக்கம் புரட்டியதும் அவர் முகம் மாறியது.

“இன்னா நைனா இது, ரெண்டு வருஷத்துக் கணக்கு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. நேத்து ஒக்காந்து எழுதினாப்ல கீதே?”

நைனா நடந்ததைச் சொன்னார். பழைய நோட்டைத் தான்தான் அடுப்பில் வைத்ததாக அம்மாவும் வாசற்படியில் நின்று சொன்னாள்.

“பாதி நோட்ட ஆடு துன்னுச்சி, மீதிய அடுப்பு துன்னுச்சா?” என்று பாய் சிரித்தார். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. உடனே குரலைத் தணித்துக்கொண்டார். “தப்பா நெனைக்காதே. எறாலுக்குள்ள ஐஸ் வெச்சி ஏமாத்தினா தொட்டே சொல்லிடுவேன். ஆட்டுல எனுக்கு இந்த நோட்டுதான் கண்ணு. போன தபா ஒருத்தன் பொய் நோட்டக் காட்டிக் கழிச்சுப்போட்ட ஆட்டையெல்லாம் என் தலையில கட்டிட்டான்.”

டாக்டரைக் கேளுங்கள் என்றார் நைனா. டாக்டரோ மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. புதியவருக்கு எங்கள் ஆடுகளைத் தெரியாது. பாய் மறுபடி நோட்டைப் புரட்டி, அந்த மூன்று கோடுகளில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். வேறு மந்தை கலந்துவிட்டது, தகப்பன் தெரியாது என்று நைனா சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் எழுதுகிறவன் எதற்குக் கோடு போடுகிறான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பாதி நம்பிவிட்டார். மீதியை என்னிடம் கேட்டார்.

“பாப்பா, நீதானே எழுதினே? பழைய நோட்ட நீ பாத்தியா?”

நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை சொன்னால் முடிந்தது என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. எனக்கு முன்னால் பொட்டு நின்று என் பாவாடை நுனியைச் சவைத்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இவர் வாங்காவிட்டால் ஆடுகள் இங்கேயே இருக்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

“நான் பாக்கல. நைனா சொன்னாரு, நான் எழுதினேன்.”

பாய் நோட்டை மூடி, அலுங்காமல் படலின் மேல் வைத்தார். நைனாவைத் திட்டவில்லை. “புள்ள பொய் சொல்லாது நைனா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நைனா அவருக்குப் பின்னால் ரயில்வே கேட் வரைக்கும் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தபோது என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா என்னிடம் வாயெடுத்தபோதும், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அவளை அனுப்பிவிட்டார்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பொட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உன்னைக் காப்பாற்றியது யார் தெரியுமா என்று அதன் காதில் சொன்னேன். பாய் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை அதற்கும் போட்டேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

நைனா இன்னும் இரண்டு பட்டிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஆடு வளர்க்கிறவர்கள் உலகம் சின்னது. பொய் நோட்டு என்ற பேச்சு எங்களுக்கு முன்பாகவே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரும் வரவில்லை. டீக்கடையில் அவருக்குக் கட்டிய பழைய பட்டம் இப்போது வேறு விதமான சிரிப்போடு திரும்பி வந்தது. நைனா டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஆடுகளுக்குப் போட வைக்கோலும் தீர்ந்துகொண்டு வந்தது. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது கறிக்கடைக்காரர்களின் வேன் வந்தது.

ஏற்றுவதற்கு முன் நைனா ஒரு குறடு எடுத்து ஒவ்வொரு ஆட்டின் காதிலிருந்தும் கம்மலை வெட்டி எடுத்தார். வந்த ஆள், அதெல்லாம் எதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றான். நைனா காதில் வாங்கவில்லை. ஐந்து பெட்டைகள் சினையாக இருந்தன.

“செனையா கீறத மட்டும் வெட்டாதீங்கோ” என்றார் நைனா அந்த ஆளிடம்.

“அட இல்ல நைனா, வெச்சி வளக்கறோம்” என்றான் அவன், கயிற்றை இழுத்துக்கொண்டே.

நோட்டை எடுத்து வரச் சொன்னார் நைனா. அதில் கடைசிக் கட்டம், எந்தப் பட்டிக்குப் போனது என்று எழுதுவதற்காக டாக்டர் போடச் சொன்னது. அதுவரை காலியாகவே இருந்தது. ஒவ்வொரு ஆடாக வேனில் ஏற ஏற, கையில் இருந்த கம்மலைப் பார்த்து நைனா நம்பரைச் சொன்னார். நான் அந்த நம்பருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று கேட்டேன்.

“கோடு போடு” என்றார்.

பதினேழு வந்தபோது பேனா எழுதவில்லை. அழுத்தி இழுத்ததில் காகிதம் கிழிந்துவிட்டது. பொட்டு, நான் கூடவே வருவேன் என்று நினைத்தோ என்னவோ, முரண்டு பண்ணாமல் பலகை வழியாக ஏறிப் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஆரணியில் ஒரு பட்டி இருந்தது என்பதும், அங்கே அது புல் தின்றுகொண்டு இருந்திருக்கும் என்பதும்.

வேன் போன பிறகு அம்மாவால் அடக்க முடியவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏன்டி, அன்னிக்கு ஏன்டி பாக்கலன்னு சொன்ன? வாயத் தொறந்து ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவே?”

நைனா காலிப் பட்டிக்குள் குனிந்து, இனி யாருக்கும் தேவைப்படாத கோவணத் துணிகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“வுடு. புள்ளைக்கு மறந்துருக்கும்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. நல்லவேளை, நைனாவுக்குத் தெரியவில்லை, அவர் அப்படியே நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் பல வருடங்கள் நிம்மதியாக இருந்தேன். மேல்நிலைப் பள்ளி முடித்தேன், கல்யாணம் முடித்தேன். நைனா கம்பெனியில் சுமை தூக்கி முதுகு விட்டுப்போய்ப் படுத்தார், ஒரு நாள் போயும் சேர்ந்தார். ஒரு தடவைகூட அந்த நோட்டைப் பற்றி அவர் பேசியதில்லை.

போன மாதம் என் பெண் ஏதோ ஒரு சின்னப் பொய் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி, மறந்திருப்பாய் என்று சொன்னேன். சொன்ன உடனே அந்த வார்த்தை யாருடையது என்று நெஞ்சில் குத்தியது. சனியும் ஞாயிறும் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் மடியில் கிடந்த ஈர நோட்டில் விட்டுப்போனதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னவர் அவர். அதை நான் மறந்திருப்பேன் என்று அவர் எப்படி நம்பியிருப்பார்?